பயணிகளின் முன்பணத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர் மற்றும் செயலாளர்,
பயண முகவர்கள் சங்கம்,
மதுரை.

பெறுநர்:
மாண்புமிகு ஒன்றிய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்கள்,
புது தில்லி.

பொருள்: நொடிந்துபோகும் விமான, சுற்றுலா நிறுவனங்களுக்குப் பொதுப்பணத்தில் கைகொடுப்பதைத் தவிர்த்து, பயணிகள் பாதுகாப்பு நிதியம் அமைக்கக் கோருதல் – தொடர்பாக.

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

ஒரு விமான நிறுவனம் திடீரென்று நின்றுபோனால், பயணி முதலில் வந்து நிற்பது எங்கள் கடை வாசலில்தான். காசி, கயா செல்லும் குழுவுக்கும் உம்ரா செல்லும் குடும்பங்களுக்கும் குரூப் டிக்கெட் போட மாதக்கணக்கில் முன்னதாகவே முன்பணம் கட்டுகிறோம். மலிவுக் கட்டண விமானங்களுக்கோ, வாலட்டில் பணம் ஏற்றி வைத்தால்தான் டிக்கெட்டே எடுக்க முடியும். இப்படிக் கட்டிய பணம் ஒருமுறை முடங்கியபோது, எங்கள் உறுப்பினர்கள் சிலர் நகையை அடகு வைத்துப் பயணிகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்க முடியாதவர்கள் ஊருக்குள் பெயர் கெட்டு நின்றார்கள்.

நிறுவனம் தள்ளாடும் போதெல்லாம் அரசு தூக்கி நிறுத்த வேண்டும் என்ற குரல் எழுகிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்களே அப்படிக் கேட்பதும் உண்டு. இந்தச் சங்கம் அதில் உடன்படவில்லை. ஏர் இந்தியாவுக்கு 2012 முதல் கோடிகோடியாகக் கொட்டிய பிறகும், 2022 ஜனவரியில் அது டாடா குழுமத்தின் கைக்குப் போனபோது, சுமார் 46,000 கோடி ரூபாய்க் கடனும் இதர பொறுப்புகளும் அரசின் தலையிலேயே தங்கின. தனியார் நிறுவனங்களின் கதையும் வேறல்ல. அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில் விமான நிறுவனங்களுக்கான உச்சவரம்பு 2022 அக்டோபரில் 1,500 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. அத்திட்டத்தின் கீழ்க் கடன் பெற்ற கோ ஃபர்ஸ்ட் 2023 மே 3 அன்று பறப்பதை நிறுத்தியது; 2025 ஜனவரியில் அதைக் கலைக்க உத்தரவு வந்தது. எஞ்சின் தயாரித்த நிறுவனமே தன் வீழ்ச்சிக்குக் காரணம் என்று அது சொன்னது. அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் யார் பிழையானாலும் டிக்கெட் வாங்கியவரின் நிலை ஒன்றுதான்.

அந்த நிலை என்ன என்பதே இம்மனுவின் மையம். நொடிப்பு, திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவு வகுத்த வரிசையில் நொடிப்பு நடவடிக்கைச் செலவு, தொழிலாளர் நிலுவை, அடமானம் பெற்றுக் கடன் கொடுத்த வங்கிகள், அரசுக்குச் சேர வேண்டியவை எல்லாம் முன்னால் நிற்கின்றன. பயணியும் முகவரும் 'ஏனைய கடன்கள்' என்ற கடைசிப் பந்தியில். அங்கே இலை போடும்போது பாத்திரத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை. விமானங்களைக் குத்தகைக்கு விட்ட வெளிநாட்டு நிறுவனங்களும் கோ ஃபர்ஸ்ட் விவகாரத்தில் தவித்தன. அவற்றுக்காக 2023 அக்டோபரில் அறிவிக்கை வந்தது. 2025இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. அதை நாங்கள் குறை சொல்லவில்லை. குத்தகைக்கு விடுபவர் நம்பிக்கை இழந்தால் நாட்டுக்கு விமானம் வராது. ஆனால் விமானத்தின் உரிமையாளருக்குக் காட்டிய அந்த வேகம், இருக்கைக்குப் பணம் கொடுத்தவருக்குக் காட்டப்படவில்லை.

பிரிட்டனில் 178 ஆண்டு பழமையான தாமஸ் குக் 2019 செப்டம்பர் 23 அன்று மூடப்பட்டது. கைகொடுக்க அந்நாட்டு அரசு மறுத்துவிட்டது. ஆனாலும் வெளிநாடுகளில் சிக்கிய 1,40,000 பேருக்கு மேல் இரண்டே வாரங்களில் ஊர் திரும்பினர். சுற்றுலாத் தொகுப்பு வாங்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டரை பவுண்டு வீதம் முன்பே சேர்த்து வைத்த 'ஏடோல்' பாதுகாப்பு நிதியம் அங்கே இருந்தது. அதன் வரம்புக்குள் வராதவர்களை அழைத்துவர அரசும் செலவு செய்தது. அந்தச் செலவு மக்களுக்குப் போனதே தவிர நிறுவனத்துக்குப் போகவில்லை. அதே குழுமத்தின் ஜெர்மானிய விமானப் பிரிவான காண்டோருக்கு ஜெர்மனி 38 கோடி யூரோ கொடுத்ததை எதிர்வாதமாகச் சொல்வார்கள். அது லாபம் ஈட்டிவந்த பிரிவுக்குக் கொடுத்த கடன். வெறும் கொடை அல்ல.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்: விமான டிக்கெட் ஒன்றுக்கு 10 ரூபாய் வீதம் வசூலித்து, பயணிகள் பாதுகாப்பு நிதியம் ஒன்றைச் சட்டத்தின் மூலம் அமைக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு உள்நாட்டு டிக்கெட்டில் 200 ரூபாய் விமானப் பாதுகாப்புக் கட்டணம் வாங்கப்படுகிறது. 2024இல் உள்நாட்டில் பறந்த பயணிகள் சுமார் 16 கோடிப் பேர். அவர்களிடம் மட்டுமே ஆண்டுக்கு 160 கோடி ரூபாய் சேர்ந்திருக்கும். இந்நிதியத்தை நிறுவனங்களின் கடனடைப்புக்குத் தொடவே கூடாது.

பயணம் முடியும்வரை குரூப் டிக்கெட் முன்பணமும் வாலட் இருப்பும் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். நிறுவனம் நொடித்தால் அந்தப் பணம் அதன் சொத்தாகக் கருதப்படக் கூடாது. இந்த விதி எங்களையும் கட்டுப்படுத்தட்டும். பயணிகளின் பணத்தைச் சுருட்டிக்கொண்டு கடையைப் பூட்டியவர்கள் எங்கள் தொழிலிலும் உண்டு. அவர்களால் அவப்பெயர் ஒழுங்காகத் தொழில் செய்பவருக்குத்தான்.

ஊழியர் நலனுக்கென்று அரசு செலவிட விரும்பினால், சம்பள நிலுவையை அவர்கள் வங்கிக் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்தட்டும். சம்பளம் இல்லாத விமானிக்கும் தரைப் பணியாளருக்கும் அதுதான் உதவி. நிறுவனத்தின் கையில் கொடுத்தால் அது முதலில் கடன்காரரிடமே போய்ச் சேரும்.

அடுத்த நிறுவனம் நிற்பதற்குள் இந்தச் சட்டம் வர வேண்டும். வரும் கூட்டத்தொடரிலேயே மசோதா கொண்டுவரவும், அதற்கு முன் மாவட்ட அளவிலான முகவர் சங்கங்களைக் கலந்தாலோசிக்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

நகல்: தலைமை இயக்குநர், விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், புது தில்லி; செயலாளர், சுற்றுலாத் துறை, தமிழ்நாடு அரசு, சென்னை.