6 கிலோவாட் அடுப்பா, 1.5 கிலோவாட் அடுப்பா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஆறு பேர். சமையல் பெரும்பாலும் விறகில்தான்; சிலிண்டர் அவசரத்துக்கு மட்டும். புகையால் மாமியாருக்கு இருமல் விடுவதே இல்லை. புகை குறைந்த இரும்பு அடுப்பு ஒன்று வாங்க நினைக்கிறோம். கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்றில் 6 கிலோவாட் என்றும், மற்றதில் 1.5 கிலோவாட் என்றும் போட்டிருக்கிறது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. 6 உள்ளதையே வாங்கலாமா? இரண்டின் விவரத் தாளையும் இத்துடன் அனுப்பியுள்ளேன்.
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பணம் கொடுக்கும் முன் கேட்டீர்களே, நல்லது சகோதரி. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயி இதே கேள்வியைக் கேட்டபோது, நானும் தாளைச் சரியாகப் படிக்காமல் "பெரிய எண் உள்ளதை எடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். மூன்று மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். புது அடுப்புக்குள் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. "விறகைத்தான் தின்னுது சார், உலை கொதிக்க மாட்டேங்குது" என்றார் அந்த அம்மா. பழையபடி மூன்று கல் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்.

கிலோவாட் என்று போடுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, விறகு எரியும்போது வெளிவரும் மொத்த வெப்பம். மற்றது, அதில் பாத்திரத்துக்குள் போய்ச் சேரும் வெப்பம். மீதியெல்லாம் புகையோடும் காற்றோடும் போய்விடும். நமக்கு வேண்டியது இரண்டாவது கணக்கு.

உங்கள் தாள்களையே பார்ப்போம். நன்றாகக் காய்ந்த விறகு 1 கிலோவில் சுமார் 4.5 யூனிட் வெப்பம் இருக்கிறது. மின்சார பில்லில் வரும் அதே யூனிட்தான். 1 கிலோவாட் வீதம் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட்.

முதல் அடுப்பு மணிக்கு 1.35 கிலோ விறகு எரிக்கும் என்று கீழே சிறிய எழுத்தில் இருக்கிறது. 4.5 ஆல் பெருக்கினால் சுமார் 6 யூனிட். ஆக, அந்த 6 கிலோவாட் விறகின் மொத்த வெப்பம். பயன்திறன் 20 சதவீதம் என்று போட்டிருப்பதால் பாத்திரத்துக்குச் சேர்வது 1.2 கிலோவாட்தான்.

இரண்டாவது அடுப்பு எரிப்பது மணிக்கு 1.1 கிலோ, அதாவது சுமார் 5 யூனிட். பயன்திறன் 30 சதவீதம். பாத்திரத்துக்குச் சேர்வது 1.5 கிலோவாட். அவர்கள் போட்டிருப்பதும் அதைத்தான்.

சிறிய எண் போட்ட அடுப்புதான் உண்மையில் வேகமானது. 5 லிட்டர் தண்ணீர் கொதிக்க முதல் அடுப்பில் சுமார் 20 நிமிடம், இரண்டாவதில் சுமார் 16 நிமிடம் ஆகும். முதல் அடுப்பு 3 கிலோ விறகு கேட்கும் சமையலை இரண்டாவது 2 கிலோவில் முடிக்கும். விறகு சுமப்பவருக்கு இது பெரிய வித்தியாசம்.

கடையில் இவற்றைக் கேளுங்கள்:

1. போட்டிருக்கும் கிலோவாட் மொத்த வெப்பமா, பாத்திரத்துக்குச் சேர்வதா?

2. மணிக்கு எத்தனை கிலோ விறகு? பயன்திறன் எத்தனை சதவீதம்?

3. ஐ.எஸ். 13152 தரச்சான்று உண்டா? இந்தத் தரப்படி மின்விசிறி இல்லாத அடுப்புக்குக் குறைந்தது 25 சதவீதமும், விசிறி வைத்ததற்கு 35 சதவீதமும் பயன்திறன் இருக்க வேண்டும். புகைத்துகளுக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கும் அதில் வரம்பு உண்டு. உங்கள் மாமியாரின் இருமலுக்கு, கிலோவாட்டை விட இதுதான் முக்கியம். முதல் அடுப்பு 20 சதவீதத்திலேயே தேறவில்லை.

முடிந்தால் கடையிலேயே பற்றவைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரே பாத்திரம், ஒரே அளவு தண்ணீர், ஒரே விறகு. எரிக்கும் முன்னும் பின்னும் விறகை எடை போட்டு, கொதிக்கும் நேரத்தையும் குறித்துக்கொண்டால் உண்மை தெரிந்துவிடும்.

நெல் அவிக்க அண்டா ஏற்றுவதாக இருந்தால் அதற்குப் பெரிய அடுப்பு தனியாக வேண்டும். அதையே வீட்டுச் சமையலுக்கும் வைத்துக்கொண்டு தீயைக் குறைத்து எரித்தால் புகைதான் மிஞ்சும்.

இன்னொன்று: எந்த அடுப்பானாலும் ஈர விறகு கூடாது. புதிதாக வெட்டிய விறகில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பம் போய்விடும், புகையும் கூடும். விறகைப் பிளந்து வெயிலில் காயவைத்து, மழைக்கு முன் கூரையடியில் அடுக்கிவிடுங்கள். சமையலறையில் புகை வெளியேற வழி இருக்கட்டும். மாமியாரை மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். புது அடுப்பு வந்துவிட்டது என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம்.