மறைக்கல்விக்கு மதிப்பெண் எதற்கு?

“மார்க் இல்லைன்னா பிள்ளைங்க யாரு சாமி மறைக்கல்விக்கு வருவாங்க?”

சென்ற மாதம் பங்குப் பேரவைக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து இவ்வாறு கேட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாள்தோறும் திருப்பலிக்கு வருபவர், நம்மீது அன்புள்ளவர். மறைக்கல்வி எழுத்துத் தேர்வை நம் பங்கில் நிறுத்தப் போகிறோம் என்று நாம் அறிவித்ததற்கு எதிராகவே அக்கேள்வி எழுந்தது. பலர் தலையசைத்தனர். நம் கருத்தை மறுப்பதற்கென்று அவர் கேட்டதுதான். ஆயினும் நம் கருத்துக்கு அதைவிட வலிய சான்று வேறில்லை. கிறிஸ்துவை அறிய வரவேண்டிய வகுப்புக்குப் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக வருகிறார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அமைதியாக இருந்திருக்கிறோம்.

அன்பு வாசகர்களே, உங்கள் பங்கிலும் நடப்பது இதுதானா என்று பாருங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒருமணி நேர வகுப்பு. வருகைப் பதிவேடு. பாடநூல். பாடத்தின் முடிவில் கோடிட்ட இடங்கள். ஆண்டிறுதியில் தேர்வு. பங்குத் திருவிழா மேடையில் முதல் மூன்று இடங்களுக்குப் பரிசு. இத்தனை ஆண்டு வகுப்புக்கு வந்தால்தான் உறுதிப்பூசுதல் என்று ஒரு விதி. உறுதிப்பூசுதல் முடிந்த மறு ஞாயிறு முதல் அப்பிள்ளைகளை வகுப்பில் மட்டுமன்று, திருப்பலியிலும் காண்பதரிது. தூய ஆவியின் கொடைகளைப் பெறும் அருள்சாதனம் பலருக்குப் பள்ளி இறுதி வகுப்பின் பிரிவு உபசார விழாவாகிவிட்டது.

இதற்குப் பிறரைக் குறைகூறும் தகுதி நமக்கு உண்டா என்று கேட்டால், இல்லை. அதை முதலில் சொல்லிவிடுவது முறை.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், திருக்குடும்பப் பெருவிழா. அன்று காலை ஆழிப்பேரலை நம் கடற்கரையில் ஏறியது. வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் வந்திருந்தோரில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அப்போது நாம் வேறொரு பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். எங்கள் தெரு ஒன்றிலிருந்து திருப்பயணம் சென்ற குடும்பத்தில் மூவர் திரும்பவில்லை. பேராலயத்துக்குள் கடல்நீர் புகவில்லை, அது மாதா செய்த புதுமை என்று அந்நாள்களில் பரவலாகப் பேசப்பட்டது. நாமும் மறையுரையில் அதைச் சொன்னோம்.

2005 ஜனவரியில், விடுமுறைக்குப் பின் கூடிய முதல் மறைக்கல்வி வகுப்பை நாம் பார்வையிடச் சென்றபோது பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்தான். “கோவிலுக்குள்ள இருந்தவங்கள மாதா காப்பாத்துனாங்கன்னு சொன்னீங்களே சாமி, பீச்சுல நின்னவங்க மேல மாதாவுக்கு என்ன கோவம்?” என்றான். வகுப்பு அசைவற்றுப் போயிற்று. ஆசிரியை நம் முகத்தைப் பார்த்தார். நாம் சொன்ன விடை இது: “அது மறைபொருள். அதெல்லாம் பெரியவனானால் புரியும். உட்கார். டீச்சர், பாடத்தை நடத்துங்க.”

குருமடத்தில் இதே வினாவை நாம் ஒரு பருவம் முழுவதும் பயின்றிருந்தோம். நன்மையின் குறைபாடே தீமை என்ற புனித அகுஸ்தினாரின் விளக்கமும், மானிடர் இன்னும் முதிர்ச்சியை நோக்கி வளர்ந்துகொண்டிருப்பவர் என்ற புனித இரனேயுவின் பார்வையும் நம் குறிப்பேட்டில் இருந்தன. தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால் அவற்றில் ஒரு வரியைக்கூடப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தமிழில் சொல்ல நமக்குத் தெரியவில்லை. அச்சிறுவனை வாட்டும் நோய் நம்மையும் வாட்டியிருந்தது: நாமும் தேர்வுக்காகப் படித்தவர்தாம்.

அன்று என்ன சொல்லியிருக்கலாம் என்பதைப் பின்னர் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். அந்த டிசம்பர் 26 திருப்பலியின் நற்செய்தி, ஏரோதுக்கு அஞ்சிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய குடும்பத்தைப் பற்றியது. மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் அப்பகுதியை வாசிக்கும்போது இடையே மூன்று வசனங்கள் விடப்படுகின்றன. பெத்லகேமில் கொல்லப்பட்ட குழந்தைகளும், ஆறுதல் பெற மறுத்து அழும் இராக்கேலும் இருப்பது அந்த மூன்று வசனங்களில்தான். இரண்டு நாள் கழித்து மாசில்லாக் குழந்தைகள் விழாவில் அவை வாசிக்கப்படும். ஆனால் வார நாள் திருப்பலிக்கு வருவோர் எத்தனை பேர்? ஒரு குழந்தை தப்பியதையும் மற்றக் குழந்தைகள் தப்பாததையும் நற்செய்தியாளர் அடுத்தடுத்து எழுதிவைத்தார். காரணம் கூறி மழுப்பவில்லை. அச்சிறுவனின் கேள்வி நற்செய்திக்குள்ளேயே இருக்கிறது. அதை அவனுக்குக் காட்டியிருக்கலாம். யோபுவின் நண்பர்கள் கடவுளுக்காக அழகாக வாதாடினார்கள். இறுதியில் கடவுள் கடிந்துகொண்டது அவர்களைத்தான், கேட்டுக்கொண்டே இருந்த யோபுவை அவர் சரியாகப் பேசியவர் என்றார் என்றும் சொல்லியிருக்கலாம். எதுவும் தோன்றவில்லையென்றால் “எனக்கும் தெரியவில்லை, தம்பி, வா, இறந்தவர்களுக்காகச் செபிப்போம்” என்றாவது சொல்லியிருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணத்தில் அவரைச் சந்தித்தோம். வேலையில் இருக்கிறார், கோவிலுக்குப் போவதில்லை என்பதைத் தயக்கமின்றிச் சொன்னார். நாம் அந்தக் கேள்வியை நினைவூட்டினோம். அவருக்கு நினைவில்லை. அவ்வாண்டு மறைக்கல்வித் தேர்வில் இரண்டாம் பரிசாகப் பெற்ற எவர்சில்வர் டிபன் பாக்ஸ்தான் நினைவில் இருந்தது.

நம் மொழியில் ‘கேள்’ என்னும் சொல் செவிமடுப்பதையும் வினவுவதையும் ஒருங்கே குறிக்கும். வள்ளுவர் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். அங்கே அது செவிவழிப் பெறும் அறிவு. இன்று அதே சொல்லை வினாவுக்கு வழங்குகிறோம். பன்னிரண்டு வயது இயேசு எருசலேம் கோவிலில் போதகர் நடுவே அமர்ந்து செய்தவை இவ்விரண்டுமே என்று லூக்கா எழுதுகிறார். விடுதலைப் பயண நூலில் பாஸ்கா விருந்துக்கான கட்டளையிலும், இவ்வழிபாட்டின் பொருள் என்னவென்று பிள்ளைகள் வினவுவார்கள், அப்போது விளக்கிச் சொல்லுங்கள் என்றே கூறப்படுகிறது. யூதக் குடும்பங்களில் இன்றளவும் அவ்விரவில் வீட்டின் இளைய பிள்ளை கேள்வி கேட்கிறது. நம் வகுப்புகளிலோ ஆசிரியர் வினவுகிறார், விடை அச்சாகியிருக்கிறது, பிள்ளை ஒப்பிக்கிறது.

“அந்தக் காலத்தில் சின்னக் குறிப்பிடத்தை மனப்பாடம் செய்யவில்லையா? நாங்கள் விசுவாசத்தில் நிலைக்கவில்லையா?” என்று மூத்தோர் கேட்பது நம் காதில் விழுகிறது. மனப்பாடத்தை நாம் இகழவில்லை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், மணியடித்துச் சிறுவரைக் கூட்டித் தமிழில் செபங்களைக் கற்பித்தார். கற்ற சிறுவர் அவற்றை வீட்டிலும் அயலாருக்கும் சொல்லித்தந்தனர். அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கமுள்ள சிறு மறைநூல். மறு ஆண்டு கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’ ஆசிரியரும் மாணவரும் உரையாடும் வடிவில் அமைந்த போர்த்துக்கீசிய நூலின் தமிழாக்கம். மதுரையில் தத்துவ போதகரிடம் முதலில் மறை தழுவிய பள்ளி ஆசிரியர், அவரோடு பல நாள் வாதிட்ட பின்னரே மனம் இசைந்தார். தமிழ் மண்ணில் மறைக்கல்வி பேச்சாகத் தொடங்கியதேயன்றித் தேர்வாகத் தொடங்கவில்லை.

அன்றியும், சின்னக் குறிப்பிடம் அன்று தனித்து நிற்கவில்லை. மூவேளை மணி இருந்தது. மாலையில் விளக்கேற்றியதும் வீட்டார் அனைவரும் முழந்தாளிட்ட குடும்பச் செபமாலை இருந்தது. தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கத்தைப் பாடக் கேட்டு ஊரே அழுதது. பெரிய வியாழன் இரவு முழுவதும் விழித்திருந்த பாட்டியின் மடியில் பிள்ளை உறங்கியது. மனப்பாடம் செய்த வரி அவ்வூர் வாழ்வில் ஊறிப் பொருள் பெற்றது. இன்று அவ்வாழ்வு கரைந்துவிட்டது. வரி மட்டும் எஞ்சியிருக்கிறது. அதையே இன்னும் உரக்க ஒப்பிக்கச் சொல்வதால் என்ன பயன்? படக்காட்சியும் அபிநயப் பாடலும் போதும் என்போருக்கும் இதுவே நம் மறுமொழி.

நம் பிள்ளைகள் வளரும் சூழலையும் சற்று நோக்குங்கள். சில ஊர்களில் பெரியார் சிலையின் பீடத்தில் பொறித்த வாசகங்களைப் படித்துக்கொண்டேதான் அவர்கள் கோவிலுக்கு நடந்து வருகிறார்கள். கடவுள் உண்டா என்று வெளிப்படையாகக் கேட்பது தமிழகத்தில் மூன்று தலைமுறைக்கும் மேலாக வழக்கிலுள்ளது. பக்கத்து இருக்கையில் இந்துப் பிள்ளையும் இசுலாமியப் பிள்ளையும் அமர்ந்திருக்கிறார்கள். கையில் கைப்பேசி. நாம் “உட்கார்” என்று அடக்கிய கேள்வி அங்கே போகிறது. அது கடிந்துகொள்வதில்லை, எந்நேரமும் விடை சொல்கிறது. சரியான விடையா என்பது வேறு செய்தி.

பெற்றோரிடமும் ஒரு சொல். பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏட்டில் தெளிவாகக் கூறியது. ஒன்பதாம் வகுப்பு வந்ததும் ஞாயிறு காலை நீட் பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, “ஒரு வருசம் பொறுத்துக்கோங்க சாமி” என்று வருகைப் பதிவேட்டில் சலுகை கேட்க வருகிறீர்கள். வீட்டில் ஒன்றாகச் செபித்து எத்தனை நாள் ஆயிற்று என்று நாம் திருப்பிக் கேட்டால் முகம் வாடுகிறீர்கள். மறைக்கல்வியைப் பள்ளிப் பாடங்களுள் ஒன்றாக்கியவர்கள் நாம். ஆதலால் பாடங்களுக்குள் எதற்கு மதிப்பு மிகுதி என்று நீங்கள் கணக்குப் பார்ப்பதில் வியப்பில்லை.

குருக்களாகிய நம் பங்கும் சிறியதன்று. கொடிமரத்துக்குப் பித்தளைத் தகடு வேய நன்கொடை திரட்டுவதில் காட்டும் ஊக்கத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் மறைக்கல்வி ஆசிரியரை உருவாக்குவதில் காட்டியதுண்டா? திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே மாதம் மறைக்கல்வியாளர் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணிகளுள் ஒன்றாக நிறுவினார். இங்கோ கல்லூரி விடுமுறைக்கு வந்த பெண்ணின் கையில் சனிக்கிழமை இரவு பாடநூலைக் கொடுத்து, “நாளைக்கு ஆறாம் வகுப்பைப் பார்த்துக்கம்மா” என்கிறோம்.

கடந்த ஜூன் முதல் நம் பங்கில் வகுப்பின் கடைசி அரைமணி நேரம் பிள்ளைகளின் கேள்விக்கென்று ஒதுக்கப்பட்டுள்ளது. நாமே சென்று அமர்கிறோம். முதல் நான்கு வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தனை நன்றாகப் பழக்கியிருந்தோம். ஐந்தாம் வாரம் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: “எங்க ஆயா இந்துவாவே செத்துட்டாங்க. அவங்கள மோட்சத்துல பாப்பேனா, சாமி?” தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமலிருந்தும் நேரிய உள்ளத்தோடு கடவுளைத் தேடுவோர் மீட்படையலாம் என்று சங்கம் 1964இலேயே சொல்லியிருப்பதை எளிய சொற்களில் கூறினோம். அவள் விடவில்லை. “அப்ப அவங்களுக்குப் பூசை வைக்கலாமா?” வைக்கலாம் என்றோம். மறு செவ்வாய்க்கிழமை காலைத் திருப்பலியில் அந்த மூதாட்டியின் பெயரைச் சொல்லி மன்றாடினோம். சிறுமியோடு, பல ஆண்டுகளாகக் கோவிலில் கால் வைக்காத அவளுடைய தந்தையும் வந்து கடைசி இருக்கையில் அமர்ந்திருந்தார்.

வருகை குறைந்திருப்பது உண்மை. தலைமையாசிரியர் அஞ்சியபடியே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் நின்றுவிட்டனர். பேரவையில் சிலர் ஆயரிடம் முறையிடப் போவதாகவும் கேள்விப்படுகிறோம். அது அவர்கள் உரிமை. நின்றுவிட்ட பிள்ளைகளின் வீடுகளுக்கு அன்பிய வாரியாகச் செல்லத் தொடங்கியிருக்கிறோம். சில வீடுகளில் தேநீர் கிடைக்கிறது, சில வீடுகளில் அறிவுரை கிடைக்கிறது. இவ்வாண்டுத் தேர்வுக்குப் பெயர் அனுப்பவேண்டிய படிவம் பத்து நாளாக நம் மேசைமேல் கிடக்கிறது. அதை நிரப்பாமலே திருப்பி அனுப்புகிறோம்.