பரங்கிக்காய் விளக்கு

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதம் முடியும் தறுவாயில், அமெரிக்காவிலும் கனடாவிலும் அயர்லாந்திலும் வீட்டு வாசற்படிகளில் பரங்கிக்காய்கள் வந்து அமர்ந்துவிடுகின்றன. கண்ணும் மூக்கும் பல்வரிசையும் செதுக்கப்பெற்று, உள்ளே விளக்கு எரிய, அவை இருட்டில் சிரிக்கின்றன. ஹாலோவீன் இரவின் அடையாளம் இது. அந்நாடுகளில் குடியேறிய நம் உறவினர் அனுப்பும் படங்களில், பேரப்பிள்ளைகள் இத்தகைய காயொன்றை அணைத்து நிற்பதைக் கண்டு, “கிறிஸ்தவ வீட்டில் இது என்ன பேய்க் கூத்து?” என முகம் சுளிக்கும் தாத்தா பாட்டிமார் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் விடை காண, அக்காயின் வரலாற்றையும், குடும்பம் அமர்ந்து அதைச் செதுக்கும் மேசையையும் ஒருங்கே பார்த்தல் வேண்டும்.

ஹாலோவீன் என்னும் பெயர், ‘சகல புனிதர்களின் திருநாளுக்கு முந்திய மாலை’ என்பதன் சுருக்கமேயாகும். எட்டாம் நூற்றாண்டில் பாப்பரசர் மூன்றாம் கிரகோரியார், உரோமை புனித இராயப்பர் ஆலயத்தில் புனிதர்கள் அனைவர் பெயராலும் ஒரு சிற்றாலயம் அமைத்தார். 835-ஆம் ஆண்டில் அத்திருநாள் நவம்பர் முதல் தேதியன்று பிராங்கு நாடுகளெங்கும் கொண்டாடப்படலாயிற்று. குளூனி மடத்தின் அதிபர் புனித ஓதிலோ, மறுநாளை இறந்த விசுவாசிகளின் நினைவு நாளாகத் தம் மடங்களில் நிலைநாட்டினார். நாம் கல்லறைகளில் பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கும் நாள் அதுவே.

விளக்குச் செதுக்கும் வழக்கமோ அயர்லாந்து, ஸ்காத்லாந்து நாட்டுப்புறங்களிலிருந்து வந்தது. குளிர்காலம் தொடங்கும் அவ்வேளையில் ஆவிகள் உலவும் என மக்கள் நம்பினர். டர்னிப் கிழங்கைக் குடைந்து, கோர முகம் வெட்டி, உள்ளே நெருப்பு வைத்தனர். டோனகல் மாவட்டத்தில் செய்யப்பட்ட அத்தகைய கிழங்கு விளக்கொன்றின் அச்சுப்படிவம் அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. இன்றைய பரங்கிக்காயின் புன்னகை அதில் இல்லை. சுருங்கிய பிண முகமே தெரிகிறது. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் இலட்சக்கணக்கான ஐரிஷ் மக்களைக் கப்பலேற்றியது. அவர்கள் சென்றடைந்த அமெரிக்காவோ பரங்கிக்காயின் தாயகம். குடைய எளிதான அப்பெரிய காயில் முகம் வெட்டி விளக்கேற்றுவது அங்கு ஏற்கெனவே சிறுவர் விளையாட்டாக இருந்தது. விட்டியர் என்னும் கவிஞர் 1850-இல் வெளியிட்ட கவிதையொன்றில் அதனை நினைவுகூர்கிறார். இரு வழக்கங்களும் நாளடைவில் ஒன்றாயின.

இனி, மேசைக்கு வருவோம். பழைய செய்தித்தாள்களை விரித்துக் காயை நடுவில் வைக்கிறார்கள். காம்பைச் சுற்றி மூடியை அறுக்கும் வேலை தந்தையுடையது. உட்சாய்வாக அறுத்தால்தான் மூடி உள்ளே விழாமல் நிற்கும். நாரையும் விதையையும் வழித்தெடுப்பது பிள்ளைகளின் பங்கு. முகத்தை வரைவதும் அவர்களே. அது கோணலாயினும் திருத்தலாகாது. கத்தி மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும். மிகச் சிறிய குழந்தைக்கு வெட்டாத காயும் வண்ணமும் தூரிகையும் போதும். வழித்தெடுத்த விதைகளைத் தாய் கழுவி, உலர்த்தி, உப்பிட்டு வறுக்கிறாள். மெல்லிய ஆடையணிந்த பிள்ளைகள் நடமாடும் இடத்தில் மெழுகுவர்த்தியைவிட மின்கலத்தால் எரியும் சிறு விளக்கே நன்று.

இவ்வேலைக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆகும். அதன் பயனும் அங்கேதான் இருக்கிறது. “உன் மனத்தில் என்ன அச்சம்?” என்று எதிரே உட்காரவைத்துக் கேட்டால் எந்தப் பிள்ளையும் வாய் திறவாது. கைகள் வேலையில் ஈடுபட்டு, கண்கள் காயின்மேல் இருக்கும்போது கேள்விகள் தாமே வெளிவரும். “இறந்தவர்கள் பேயாக வருவார்களா?” “பாட்டி இப்போது எங்கே இருக்கிறாள்?” அண்மையில் சாவு நிகழ்ந்த வீடாயின், அக்கேள்விக்காகவே அந்த மாலை அமைந்தது எனலாம். “அசட்டுப் பேச்சு பேசாதே” என்று அடக்கினால், அச்சம் இருட்டில் தனியே வளரும். பாட்டி ஆண்டவர் கையில் இருக்கிறாள், அவளுக்காக நாம் மன்றாடுகிறோம், அவள் பேயல்லள் என்று தாய் அமைதியாகச் சொல்வாளாயின், அப்பிள்ளை அன்றிரவு நிம்மதியாக உறங்கும். கடையில் வாங்கி மாட்டும் பிளாஸ்டிக் முகங்களுக்கு இவ்வாய்ப்பு இல்லை. அவற்றை மாட்டும் சில நிமிடங்களில் எந்தப் பிள்ளை எதைக் கேட்க இயலும்?

இரத்தமும் சித்திரவதையும் காட்டிக் குழந்தைகளை நடுங்கவைக்கும் அலங்காரங்கள் இன்று பெருகியிருப்பது உண்மை. அவற்றை வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்துவது பெற்றோரின் கடமை. ஆனால் அவற்றுக்காக விளக்கையும் வெறுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2014 முதல், உணவு ஒவ்வாமை உள்ள சிறுவர்களுக்காக நீலப்பச்சை வண்ணம் பூசிய பரங்கிக்காயை வாசலில் வைக்கும் இயக்கம் நாடு முழுதும் பரவியுள்ளது. தின்பண்டத்துக்குப் பதிலாகச் சிறு விளையாட்டுப் பொருள் இங்குக் கிடைக்கும் என்பது அதன் பொருள். தன் வாசலில் எந்தப் பிள்ளையும் வெறுங்கையோடு திரும்பலாகாது என்று நினைக்கக் கற்ற குழந்தை, ஓர் அறப்பாடத்தையும் கற்றுவிட்டது.

செதுக்கிய காய் சில நாட்களில் சுருங்கி அழுகத் தொடங்கும். பிள்ளை வருந்தும், வருந்தட்டும். தோட்டத்து மண்ணில் அதனைப் புதைத்து, வறுக்காமல் எடுத்துவைத்த விதைகள் சிலவற்றை அடுத்த பருவத்துக்கென உலர்த்தி, அவன் கையிலேயே கொடுங்கள். நவம்பர் இரண்டாம் நாள் கல்லறைக்கு அழைத்துச் செல்லும்போது, மண்ணில் விழும் வித்தைப் பற்றி ஆண்டவர் கூறியதை விளக்க நீங்கள் அதிகம் பேச வேண்டியிராது.