வேலியில் நிற்கும் ஆடாதோடை

"மூன்று கிழமையாக இருமல், ஆயுள்வேத மருந்து ஏதேனும் உண்டா?" என்று கேட்டு வந்த அன்பரின் கையில், 'வாசா' என வடமொழிப் பெயர் பொறித்த புட்டி ஒன்று இருந்தது. அஃது உம் வீட்டு வேலியில் நிற்கும் ஆடாதோடைதான் என்றேன். நம்ப மறுத்தார்!

ஆடும் தொடாத கைப்பிலை ஆதலின் அப்பெயர் என்பர். சுவீடன் நாட்டு இலின்னேயசு 1753இல் இச்செடிக்கு இட்ட நிலைத்திணைநூற் பெயரிலும் 'ஆடாதோடா' என்றே நிற்கின்றது. அயலான் கூசாது ஏற்ற சொல்லை ஒலிக்கத் தமிழன் கூசுகின்றான். வடமொழியார் 'வாசா' எனட்டும். அஃது அவர் மொழி. நமக்கென்ன வந்தது?

இலையை நறுக்கி நீரிலிட்டு, நாலில் ஒன்றாக வற்றக் காய்ச்சி, தேன் கூட்டிப் பருகுவது நம் வீட்டு வழக்கம். கெட்டிச் சளி இளகும். இவ்விலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடியொற்றியே மேலை வேதியலார் புரோமெக்சின் என்னும் சளிமருந்தை ஆக்கினர்.

ஆயினும் மரபுப்பற்று மடமையாகிவிடக் கூடாது. கருப்பையைச் சுருக்கும் இயல்புடைமையின் சூலுற்ற மகளிர்க்கு இஃது ஆகாது. ஓராண்டு நிரம்பாக் குழந்தைக்குத் தேனும் ஆகாது. இரண்டு கிழமைக்கு மேல் நீளும் இருமல் என்புருக்கி நோயாகவும் இருக்கலாம். அரசு மருத்துவமனையில் காசின்றிச் சளியை ஆய்ந்து சொல்வர். அவ்வன்பரை முதலில் அங்கேதான் போகச் சொன்னேன். குடிநீர் பிறகு.