எலும்பு முறியவில்லை என்றால் ஒன்றுமில்லையா?

கிள்ளானில் என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். நான்காம் படிவத்தில் இருந்தபோது, மாவட்ட வலைப்பந்துப் போட்டி ஒன்றில் எகிறிப் பந்தைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்கினாள். இடது முழங்காலுக்குள் 'டொப்' என்று ஒரு சத்தம் தனக்கே கேட்டதாகச் சொன்னாள். ஒரு மணி நேரத்திற்குள் முட்டி பந்துபோல வீங்கிவிட்டது. கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். வலி மாத்திரையும் மூன்று நாள் எம்.சி.யும் கிடைத்தன. வீட்டில் பாட்டி தைலம் போட்டு நீவிவிட்டார். வீக்கம் வடிந்தது. மூன்றாம் வாரம் பயிற்சிக்குப் போனவள் திரும்பும்போது முட்டி நழுவி விழுந்தாள். பிறகு பள்ளிப் படிக்கட்டில் ஒரு முறை. "வலியே இல்லை அங்கிள், ஆனா கால் திடீர்னு என்னை விட்டுட்டுப் போவுது" என்று என்னிடம் சொன்னபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அவள் சொன்ன அந்த மூன்று விஷயங்கள் போதும். சத்தம் கேட்டது, உடனே வீங்கியது, கால் நழுவுகிறது. இவை சேர்ந்து வந்தால் முழங்காலின் நடுவே குறுக்காக ஓடும் 'ஏ.சி.எல்.' என்ற லிகமென்ட் கிழிந்திருக்கலாம் என்று சந்தேகிப்பது மருத்துவப் பாடத்தின் அரிச்சுவடி. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், லிகமென்டைக் காட்டாது. ஆகவே அந்த எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகவே பதில் சொன்னது. தவறு அடுத்த கேள்வியை யாரும் கேட்காததில்தான். கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது லிகமென்ட் அறுந்திருந்தது. அத்துடன், நழுவி நழுவி அரைபட்டு, முட்டிக்குள் மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது. முதலாவது, விளையாட்டில் நேர்ந்த விபத்து. இரண்டாவதோ, பெரும்பாலும் தாமதத்தின் விலை.

விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி மருத்துவம் என்று ஒரு தனித் துறை இந்த நாட்டில் இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மலாயாப் பல்கலைக்கழகம் அதற்கென முதுகலைப் படிப்பையே நடத்துகிறது. அதன் மருத்துவமனையில் அதற்கென ஒரு பிரிவும் இயங்குகிறது. சில அரசாங்க மருத்துவமனைகளிலும் இந்த நிபுணர்கள் இருக்கிறார்கள். இவர்கள் கத்தியை எடுக்கும் எலும்பு அறுவை நிபுணர்கள் அல்லர், பிசியோதெரபிஸ்டுகளும் அல்லர். காயம் என்ன என்று கண்டுபிடிப்பது, அறுவை தேவையா என்று முடிவு செய்ய உதவுவது, எந்த வாரம் எவ்வளவு ஓடலாம் என்று திட்டம் போடுவது, எப்போது திடலுக்குத் திரும்பலாம் என்று சொல்வது ஆகியவை இவர்கள் வேலை. நான்கு பேர் கையில் சிதறிக் கிடக்கும் ஒரு நோயாளியை ஒரு கையில் எடுத்துக்கொள்பவர் என்று சொன்னால் பொருந்தும்.

தேசிய வீரர்களுக்கு இது கேட்காமலே கிடைக்கிறது. ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூன் மாதம் கார் விபத்தில் சிக்கிக் கழுத்து முள்ளெலும்பு முறிந்தது. அந்த ஆண்டு பெர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்குப் போக முடியவில்லை. அடுத்த ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஒற்றையர் தங்கம், 2024இல் லண்டன் கிளாசிக் பட்டம். லீ சோங் வெய் 2012 மே மாதம் தாமஸ் கிண்ணப் போட்டியில் கணுக்கால் லிகமென்ட் காயத்தோடு வெளியேறினார். ஆகஸ்டில் லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். அவர்களுடைய மனஉறுதியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது வேறு. இத்தகைய வீரர்களுக்குக் காயம் பட்டால், யாரிடம் போவது என்று அவர்களோ பெற்றோரோ தேடி அலைய வேண்டியதில்லை. புக்கிட் ஜாலிலில் தேசிய விளையாட்டுக் கழகம் இருக்கிறது. பள்ளி விளையாட்டாளருக்கு இருப்பது ஒரு ஐஸ் பெட்டியும் ஒரு ஸ்ப்ரே டப்பாவும்தான்.

அவருக்கு வேண்டியது ஒரு துண்டுக் கடிதம். சூராட் ருஜுக்கான். அரசாங்க மருத்துவமனையின் நிபுணர் கிளினிக்கிற்கு அது இல்லாமல் நேராகப் போய் நிற்க முடியாது. குடிமக்களுக்குச் சுகாதார கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். பல்கலைக்கழக மருத்துவமனையிலும் தனியாரிடமும் கட்டணம் வேறு. பணம் பெரிய தடை இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கேட்கத் தெரியாததுதான் தடை. "டாக்டர், என்னை விளையாட்டு மருத்துவ நிபுணரிடம் அனுப்ப முடியுமா?" என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை கேட்டால் மரியாதைக் குறைவு என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அறுபது பேர் காத்திருக்கும் கிளினிக்கில் ஐந்து நிமிடம் கிடைக்கும் மருத்துவருக்கு அந்தக் கேள்வி உதவியாகவே இருக்கும்.

மருத்துவர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். "முட்டி வலி, பார்த்து ஆவன செய்க" என்று ஒரே வரியில் எழுதப்படும் கடிதம் வரிசையின் கடைசியில் போய் உட்காரும். எந்தத் தேதியில், எப்படி விழுந்தாள், எவ்வளவு நேரத்தில் வீங்கியது, எத்தனை முறை நழுவியது, என்ன விளையாட்டு, எந்த அளவில் ஆடுகிறாள் என்று இருந்தால்தான் வாங்கிப் படிப்பவருக்கு அவசரம் தெரியும். இந்த விவரங்களை மாணவர்கள் முன்கூட்டியே கைப்பேசியில் குறித்து வைத்துக்கொண்டு போகலாம். வீங்கிய அன்றே ஒரு படம் எடுத்து வைத்தாலும் நல்லது.

எல்லாச் சுளுக்குக்கும் நிபுணர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி எல்லாரும் கிளம்பினால் உண்மையில் தேவைப்படுபவருக்கு இடம் கிடைக்காது. கணுக்கால் பிசகி, நான்கு அடி நடக்க முடிகிறது, எலும்பின் மேல் அழுத்தினால் வலி இல்லை, நாளுக்கு நாள் தேறுகிறது என்றால் சாதாரண மருத்துவரும் நல்ல பிசியோதெரபிஸ்டும் போதும். ஒரே இடத்தில் ஆறு வாரமாகத் தீராத வலி, திரும்பத் திரும்ப வரும் அதே காயம், ஓடும்போது முன்கால் எலும்பில் விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி, தலையில் அடிபட்டபின் நாள்கணக்கில் நீடிக்கும் தலைவலி ஆகியவை கடிதத்துக்கு உரியவை. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கு மறுபடியும் திடலில் இறங்கவே கூடாது. ஓடும்போதே மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ கடிதத்துக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். நேரே அவசரப் பிரிவுதான், அது இதயம் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

நீவிவிடுவதைப் பற்றிக் கேட்பீர்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கத்தைச் சுற்றி, பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்கள் நெடுங்காலமாக இருக்கின்றன. நானும் போயிருக்கிறேன். இறுகிய முதுகுக்கு அந்தக் கைகள் தரும் சுகத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாக வீங்கிய மூட்டு வேறு விஷயம். உள்ளே என்ன கிழிந்திருக்கிறது என்று தெரியாமல் அதை அழுத்தி உருவினால் இரத்தக்கசிவும் வீக்கமும் கூடும். பாட்டியின் அன்பில் குறையில்லை. முதல் மூன்று நாள் அந்தத் தைலம் அலமாரியில் இருக்கட்டும்.

மாணவர்கள் ஏன் மறைக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கு 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம். மாநில அளவில் ஆடினால் அந்தப் பத்தில் கணக்கு ஏறும். அரையிறுதிக்கு முந்தின நாள் "கால் வலிக்கிறது, சார்" என்று யார் சொல்வார்? பொறுப்பாசிரியரும் வெற்றிக்காக ஏங்குகிறவர்தான். ஆடலாமா வேண்டாமா என்ற முடிவை அந்த இருவரிடம் மட்டும் விடுவது நியாயமில்லை. அதனால்தான் வெளியிலிருந்து ஒருவர் வேண்டும் என்கிறேன்.

இந்தத் துறையின் பெயரில் 'உடற்பயிற்சி' என்ற பாதியும் உண்டு. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் சராசரி 18.3. உங்கள் அம்மாவிடம் "தினமும் நடங்கள்" என்று மருத்துவர் சொல்லியிருப்பார். முட்டி வலியோடு எப்படி நடப்பது என்று அம்மா கேட்டிருக்க மாட்டார்; வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். எந்த அசைவு, எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை நாள், மாத்திரையோடு எப்படிப் பொருத்துவது என்று மருந்துச் சீட்டைப்போல எழுதிக் கொடுப்பதும் இதே நிபுணர்கள்தான். அந்தக் கடிதத்தை அம்மாவுக்காகவும் கேட்கலாம்.

மருத்துவம் படிக்கும் அல்லது படிக்க நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்டுகிறேன். டான் ஸ்ரீ டாக்டர் மணி ஜெகதீசன், 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வென்றவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதி வரை ஓடினார். அங்கே அவர் வைத்த தேசியச் சாதனை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நின்றது. 'பறக்கும் டாக்டர்' என்று அழைக்கப்பட்ட அவர், பின்னாளில் காமன்வெல்த் விளையாட்டுச் சம்மேளனத்தின் மருத்துவ ஆலோசகராகவும் இருந்தார். ஆடுகளத்தையும் மருத்துவமனையையும் ஒரே ஆள் அறிந்திருப்பது நம் சமூகத்துக்குப் புதிதில்லை.

அந்தப் பிள்ளைக்கு அறுவை முடிந்துவிட்டது. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறி, அப்துல்லா ஹுக்கூமில் எல்.ஆர்.டி. மாறிப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போய்வருகிறாள். ஆறாம் மாதமே ஆட வேண்டும் என்று அடம்பிடித்தாள். அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தின் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்ற நார்வே ஆய்வு ஒன்றை மருத்துவர் காட்டிய பிறகு அடங்கினாள். ஒற்றைக்காலில் தாவும் சோதனையில் இடது கால், வலது காலின் 82 விழுக்காட்டை எட்டியிருக்கிறது. குறைந்தது 90 வேண்டுமாம். அடுத்த சோதனை பள்ளி விடுமுறையில்.