புசான் போலாமா பாஸ்?



'ட்ரெய்ன் டு புசான்' பார்த்திருப்பீங்க. 2016-ல வந்த கொரியப் படம். ஸோம்பிங்க துரத்த, ஒரு ரயில் நிறைய ஜனம் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடும். எங்கே? புசானுக்கு! அங்கே போயிட்டா தப்பிச்சுடலாம்கிற ஒரே நம்பிக்கை. அது ஏன் புசான்?

கொரியாக்காரங்களுக்கு அது டைரக்டரோட கற்பனை மட்டும் இல்ல, தாத்தா பாட்டி சொன்ன கதையும்கூட. 1950 ஜூன் 25-ம் தேதி வட கொரியப் படை எல்லை தாண்டி உள்ளே வந்துச்சு. மூணே நாள்ல சியோல் காலி! மூட்டை முடிச்சோட, இடம் இல்லாதவங்க ரயில் கூரை மேலகூட ஏறிக்கிட்டு, லட்சக்கணக்கான மக்கள் தெற்குப் பக்கம் ஓடினாங்க. இதுக்கு மேல ஓட நிலமே இல்ல, முன்னாடி கடல்தான்னு அவங்க நின்ன ஊர் புசான். 1953 வரைக்கும், நடுவுல கொஞ்ச நாள் தவிர, தென் கொரியாவோட தலைநகரமும் இதுதான்.

"டூர் டிப்ஸ் சொல்லுங்கன்னா ஹிஸ்டரி கிளாஸ் எடுக்கறீங்களே?"ன்னு கொட்டாவி விடாதீங்க. புசான்ல நீங்க சாப்பிடப்போற நூடுல்ஸ், பேரம் பேசப்போற மார்க்கெட், போட்டோ எடுத்துத் தள்ளப்போற கலர் கலர் வீடுகள்... பாதிக்கு மேல அந்த அகதிங்க கைவேலை. அது தெரிஞ்சு சுத்தினா ஊரே வேற மாதிரி தெரியும். கிளம்பலாமா?

எப்படிப் போறது?

நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அதை முடிச்சுடுங்க. சென்னையிலேர்ந்து சிங்கப்பூர், பாங்காக்னு எங்கேயாவது விமானம் மாறிப் போலாம். புசானுக்குப் பக்கத்துலயே கிம்ஹே ஏர்போர்ட் இருக்கு. சியோல்ல இறங்கினா கே.டி.எக்ஸ். புல்லட் ரயில்ல ரெண்டரை, மூணு மணி நேரத்துல புசான். பர்ஸ் மெலிஞ்சிருந்தா 'முகுங்ஹ்வா'ன்னு சாதா ரயில் இருக்கு. நேரம் டபுள், காசு கம்மி.

ஏப்ரல், மே அல்லது அக்டோபர், நவம்பர்... இதுதான் சரியான சீசன். ஜூன் கடைசியில மழை பிடிச்சுக்கும். ஆகஸ்ட்ல பீச்ல கால் வைக்க இடம் இருக்காது.

இறங்கினதும் முதல் வேலை, ஒரு பெட்டிக்கடை மாதிரி தெருவுக்கு நாலு இருக்கிற சி.யூ., ஜி.எஸ்.25 கடைகள்ல 'டி-மணி' கார்டு வாங்கறது. மெட்ரோ, பஸ் ரெண்டுக்கும் அதையே தட்டிக்கலாம். ரீசார்ஜ் பண்ண நோட்டா காசு வச்சுக்கோங்க.

நாலே நாலு ஸ்டேஷன்!

புசான் ரயில் நிலையத்துலயே மெட்ரோ முதல் லைன் இருக்கு. அதுல அடுத்தடுத்து வர்ற நாலு ஸ்டேஷன் போதும், பழைய புசானைப் பார்த்து முடிச்சுடலாம்.

ஸ்டேஷன் 1: ஜுங்ஆங். இங்கே '40 படிக்கட்டு'ன்னு ஒரு இடம். பேர்ல உள்ளதுதான், 40 படி! ஆனா மலைமேல குடிசை போட்ட அகதிங்க துறைமுகத்துக்கு வேலைக்கு இறங்கினதும், தண்ணி தூக்கிட்டு ஏறினதும் இந்தப் பக்கமாத்தான். சுத்தி அந்தக் கால ஆளுங்களை வெண்கலச் சிலையா வச்சிருக்காங்க. பத்து நிமிஷத்துல பார்த்துடலாம்.

ஸ்டேஷன் 2: நம்போ. வெளியே வந்தா யோங்டோ பாலம். 1934-ல கட்டினது. கப்பல் போறதுக்காக ஒரு பக்கத்தை அப்படியே தூக்குவாங்க, நம்ம பழைய பாம்பன் மாதிரி. போர் நேரத்துல இந்தப் பாலத்துக்கு வேற வேலை வந்துச்சு. கூட்டத்துல குடும்பம் பிரிஞ்சா எங்கே தேடறது? செல்போன் கிடையாது, புது ஊர்ல அட்ரஸும் கிடையாது. வடக்கேயிருந்து வந்தவங்களுக்கும் பேர் தெரிஞ்ச இடம் இந்தப் பாலம்தான். 'யோங்டோ பாலத்துல சந்திப்போம்'னு சொல்லிட்டுப் பிரிஞ்சவங்க கணக்கே இல்ல. வந்தவங்க, ஆளைத் தேடி பேர் எழுதி ஒட்டிட்டு நாள்கணக்கா நின்னாங்க. பாலத்தடியில ஜோசியக்காரங்க கடை போடற அளவுக்குக் கூட்டம். 'எம் புள்ள உசுரோட இருக்கானா?'ன்னு கேட்கத்தான்!

1966-ல பாலத்தைத் தூக்கறதை நிறுத்திட்டாங்க. புதுசாக்கி 2013-லேர்ந்து திரும்ப ஆரம்பிச்சாங்க. சனிக்கிழமை மதியம் 2 மணி ஷோ. போற நேரத்துல மாறியிருக்கான்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க. அரை மணி முன்னாடியே போனா முன்வரிசை.

ஸ்டேஷன் 3: ஜகல்ச்சி. மூக்கே வழிகாட்டும்! நாட்டோட பெரிய மீன் மார்க்கெட். ஆக்டோபஸ் தொட்டியிலேர்ந்து எட்டிப் பார்க்கும். 2018-ல வந்த 'பிளாக் பாந்தர்' படத்துல வர்ற ராத்திரிச் சண்டை இந்தப் பக்கம்தான். மீன் விக்கறவங்க பெரும்பாலும் பெண்கள். போர்ல ஆம்பளைங்களை இழந்த குடும்பங்களைக் கரையேத்தினது இந்தக் கூடைகள்தான். 'ஓயிசோ! போயிசோ! சாயிசோ!'ன்னு புசான் பேச்சுவழக்குல ஒரு கூவல் இங்கே ஃபேமஸ். 'வாங்க, பாருங்க, வாங்குங்க'ன்னு அர்த்தம். கீழ்த்தளத்துல மீன் வாங்கினா மாடியில சமைச்சுக் கொடுப்பாங்க. ஆனா சமைக்கிற கூலி எவ்வளவுன்னு முதல்லயே கேட்டுடுங்க.

ஸ்டேஷன் 4: தோசொங். இங்கேயிருந்து குட்டி பஸ் ஏறினா கம்ச்சொன் கலாசார கிராமம். மலைச்சரிவுல அடுக்கி வச்ச தீப்பெட்டி மாதிரி நீலம், மஞ்சள், ரோஸ்னு வீடுங்க. 1950-கள்ல ஏழைங்க போட்ட குடியிருப்பு. முன்வீடு பின்வீட்டை மறைக்காம படிப்படியா கட்டியிருக்காங்க. 2009-ல ஆர்ட் பிராஜெக்ட் வந்து, கலர் பூசி, சிலைகள் வச்சு, இன்னிக்கு உலகமே வருது. 'குட்டி இளவரசன்' சிலையோட போட்டோ எடுக்க பெரிய க்யூ நிற்கும்.

கொஞ்சம் சீரியஸ் பாஸ்! இது தீம் பார்க் இல்ல. ஜனங்க இன்னும் குடியிருக்காங்க. அதிகமும் வயசானவங்க. நம்ம வீட்டு ஜன்னல் வழியா தினம் ஆயிரம் பேர் கேமராவை நீட்டினா நாம சும்மா இருப்போமா? சத்தம் போடாதீங்க, கொடியில காயற துணியை 'சூப்பர் ஃப்ரேம்'னு சுடாதீங்க, சாயங்காலம் ஆனா கிளம்பிடுங்க.

பக்கத்துலயே அமிடொங். அதுக்கு 'கல்லறைக்கல் கிராமம்'னு பேர். ஜப்பான் ஆட்சிக் காலத்துல ஜப்பானியரோட இடுகாடு அது. வந்த அகதிங்களுக்கு வேற இடம் கிடைக்கல. சமாதி மேலயே வீடு கட்டிக்கிட்டாங்க. கல்லறைக் கல்லே அஸ்திவாரம், கல்லறைக் கல்லே வாசப்படி. இன்னிக்கும் சில சுவர் அடியில ஜப்பானிய எழுத்து தெரியும். கம்ச்சொன்ல நிற்கிற கூட்டத்துல கால்வாசிகூட இங்கே வராது. நீங்க போங்க.

ஷாப்பிங்!

ஜகல்ச்சி ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம் நடந்தா குக்ஜே மார்க்கெட். நம்ம ரங்கநாதன் தெருவையும் பர்மா பஜாரையும் கலந்து பத்து சந்துல கொட்டின மாதிரி! 1945-ல ஜப்பான்காரங்க விட்டுட்டுப் போன சாமான்களை வித்து ஆரம்பிச்ச சந்தை இது. அப்புறம் அகதிங்க கடை போட்டாங்க. ஒட்டியே 'காங்தொங்' மார்க்கெட். காங்தொங்னா தகர டப்பா. அமெரிக்க ராணுவ முகாம்லேர்ந்து வந்த டின் சாமான் வித்த இடமாம், அதான் அந்தப் பேர். 2013-லேர்ந்து இங்கே நைட் மார்க்கெட்டும் உண்டு.

புத்தகப் புழுக்களுக்கு: நடக்கிற தூரத்துல போசுடொங் பழைய புத்தகத் தெரு. வடக்கேயிருந்து வந்த ஒரு தம்பதி பழைய பத்திரிகைகளைப் பரப்பி வச்சு ஆரம்பிச்சதுன்னு சொல்றாங்க. கூடாரத்துல காலேஜ் நடந்த அந்தக் காலத்துல மாணவர்களுக்குப் பாடப்புத்தகம் இங்கேதான். நம்ம மூர் மார்க்கெட் வாசனை அடிக்கும்.

ஏ.சி.ல சுத்தணுமா? ரெண்டாவது லைன்ல சென்டம் சிட்டி ஸ்டேஷன். அங்கே ஷின்செகே கடை, 2009-ல உலகத்துலயே பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்னு கின்னஸ்ல ஏறினது. பார்க்க காசு வேண்டாம், வாங்கத்தான் வேணும்!

பேரம் பேச ஒரு மந்திரம்: 'கக்கா ஜூசேயோ'. சிரிக்காதீங்க! 'குறைச்சுக் கொடுங்க'ன்னு அர்த்தம். தெருக்கடையில, ரெண்டு மூணு சாமான் சேர்த்து வாங்கும்போது, சிரிச்ச முகமா ஒரே ஒரு தடவை கேளுங்க. பெரிய கடையிலயும் ஹோட்டல்லயும் வேண்டாம்.

சாப்பாட்டு ராமன்களுக்கு...

முதல் தட்டு மில்மியோன். வடக்கே 'பக்வீட்' மாவுல ஜில்லுன்னு நூடுல்ஸ் சாப்பிட்டுப் பழகின ஜனம், புசான்ல அந்த மாவு கிடைக்காம, நிவாரணமா வந்த கோதுமை மாவுல செஞ்சு பார்த்தாங்க. ஊரை விட்டு வந்தவங்க நாக்குல ஊரைக் கொண்டுவந்த முயற்சி அது. இன்னிக்கு அதுவே புசான் ஸ்பெஷல்.

ரெண்டாவது, த்வேஜி குக்பாப். பன்றி எலும்பை மணிக்கணக்கா கொதிக்கவிட்ட சூப்ல சோறு. மூணாவது, ஓமுக். குச்சியில செருகின மீன் கேக். தெருக்கடையில நின்னபடி சாப்பிட்டா சூப் ஒரு கப் சும்மாவே கிடைக்கும். ஸ்வீட்டுக்கு சியாத் ஹோட்டோக். ஜகல்ச்சிக்கு எதிரே, சினிமா விழா 1996-ல தொடங்கின பிஃப் சதுக்கத்துல சுடச்சுட பொரிப்பாங்க. உள்ளே சர்க்கரைப் பாகு, சூரியகாந்தி விதை. அவசரமா கடிச்சா நாக்கு பொத்துடும், ஜாக்கிரதை!

சைவமா? கஷ்டம்தான், ஆனா பட்டினி இல்ல. 'கோகி பே ஜூசேயோ'ன்னா 'கறி இல்லாம கொடுங்க'. பிபிம்பாப் சாதத்துக்கு இது செல்லும். ஆனா கிம்ச்சியில பெரும்பாலும் மீன் சாஸோ இறாலோ இருக்கும், காய்கறி சூப்லகூட நெத்திலி ஒளிஞ்சிருக்கும். இருக்கவே இருக்கு நம்ம டெக்னிக்: எந்தப் பெட்டிக்கடையிலும் டப்பா சாதம் கிடைக்கும், அங்கேயே மைக்ரோவேவ்ல ரெண்டு நிமிஷம் வச்சு, அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப் பொடியைப் போட்டுப் பிசைஞ்சா... ஆஹா! ஹலால் வேணும்னா முதல் லைன்ல டூசில் ஸ்டேஷன் பக்கம் மசூதி இருக்கு. அங்கே கேளுங்க, வழி சொல்வாங்க.

சாப்பாட்டுக்கடை அம்மாவை 'இமோ'ன்னு கூப்பிடுங்க. சித்தி, பெரியம்மான்னு அர்த்தம். அங்கேயும் அப்பாவுக்கு 'அப்பா'தான். 'இமோ, கம்சாஹம்னிதா'ன்னு நன்றி சொன்னா ஒரு கரண்டி சேர்த்து விழ வாய்ப்பு உண்டு!

பீச்சும்... இன்னொரு இடமும்!

ரெண்டாவது லைன்ல கடற்கரை. ஹேயுன்டே பகல்ல, குவாங்கல்லி ராத்திரியில. குவாங்கல்லியில கடல் மேல போற பாலம் விளக்கு போட்டு நிற்கும். மணல்ல உட்கார காசு கிடையாது.

அதே லைன்ல தேயோன் ஸ்டேஷன்ல இறங்கி, கொஞ்சம் நடந்தா ஐ.நா. நினைவுக் கல்லறை. உலகத்துலயே இந்த மாதிரி ஒண்ணே ஒண்ணுதான். 2,300-க்கும் மேற்பட்ட வெளிநாட்டு வீரர்கள் இங்கே இருக்காங்க. அதுல ரொம்பச் சின்னவன் ஒரு ஆஸ்திரேலியப் பையன். வயசு 17. ஃபர்ஸ்ட் இயர் சேர்ற வயசு. அவன் பேர்ல ஒரு சின்ன நீரோடை ஓடுது.

நமக்கும் இந்தத் துறைமுகத்தோட ஒரு கணக்கு இருக்கு. இந்தியா சண்டை போட ஆள் அனுப்பல, டாக்டர்களை அனுப்பிச்சு. 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ். 1950 நவம்பர்ல புசான்ல வந்து இறங்கினாங்க. தலைமை, லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். பேரைக் கேட்டதும் எந்த ஊர்க்காரர்னு தெரியுதுல்ல? 1951 மார்ச்ல பாராசூட்ல குதிச்சு, அடிபட்டவங்களுக்குச் சண்டைக்களத்துலயே ஆபரேஷன் பண்ணின டீம். மகாவீர் சக்ரா வாங்கினவர். நம்ம பாடப்புத்தகத்துல தேடினாலும் கிடைக்கமாட்டார். கொரியாவுல அவரை மறக்கல. செல்ஃபி ஸ்டிக்கை பையில போட்டுட்டு ஒரு அரை மணி நேரம் இங்கே நடங்க.

பாக்கெட் டிப்ஸ்

* விலையில பூஜ்யங்களைப் பார்த்து மயங்கி விழாதீங்க. அங்கே சாதாரணமாப் புழங்கற நோட்டே 10,000 வோன்.

* வழி தேட 'நேவர் மேப்', 'ககாவோ மேப்' ரெண்டையும் போன்ல போட்டுக்கோங்க. ஊர்க்காரங்க நம்பறது அதைத்தான்.

* காசு கொடுக்கும்போதும் வாங்கும்போதும் ரெண்டு கை. பெரியவங்க முன்னாடி கட்டாயம்.

* டிப்ஸ் வைக்கிற வழக்கம் இல்ல. அந்தக் காசுல இன்னொரு ஹோட்டோக்!

* கரன்ட் 220 வோல்ட். ரெண்டு பின் மொபைல் சார்ஜர் போகும், மூணு பின் லேப்டாப்புக்கு அடாப்டர் வேணும்.

* குப்பைத்தொட்டி கண்ல படாது. பையில ஒரு கவர் வச்சுக்கோங்க.

* சந்தேகமா? 1330-க்கு அடிங்க. 24 மணி நேரமும் இங்கிலீஷ்ல பதில். போலீஸ் 112, ஆம்புலன்ஸ் 119.

அடுத்த வாரம் வேற ஊர். அதுக்குள்ள பாஸ்போர்ட் இல்லாதவங்க அப்ளை பண்ணிடுங்க, டிக்கெட் காசு அப்புறம் சேர்த்துக்கலாம். பருப்புப் பொடிக்கு இப்பவே அம்மாகிட்ட சொல்லி வச்சுடுங்க!