கார் செய்பவரே புகையிரதத்தை நம்புகிறார்

இந்தியாவின் ஹரியானாவில், மாருதி சுசுக்கியின் மானேசர் தொழிற்சாலைக்குள்ளேயே 2025 ஜூனில் ஒரு புகையிரத முனையம் திறந்தார்கள். வருடத்துக்கு 4.5 இலட்சம் கார்களை அங்கிருந்து ஏற்றி அனுப்பலாம்.

ஒரு லொறியில் ஏழெட்டுக் கார்தான் ஏறும். ஒரு சரக்குப் புகையிரதத்தில் 250க்கும் மேல் போகும். வீதி நெரிசலும் டீசல் செலவும் குறையும். கார் விற்கிற கம்பனியே தன் கார்களைத் தண்டவாளத்தில் அனுப்புகிறதென்றால், கணக்குப் பார்க்காமலா செய்யும்?

இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது காசு போட்ட விதத்தை. அந்த முனையத்தை இணைக்கும் ஹரியானா சுற்றுப்பாதைக்கு அரசோடு சேர்ந்து கம்பனியும் 325 கோடி இந்திய ரூபா ஒதுக்கியது. பயன் பெறுகிறவரும் பங்கு போடுவதுதான் நியாயம்.

ஆனால் பெரிய கம்பனியின் வாசலோடு பாதை நின்றுவிட்டால் பிரதேசம் வளராது. பக்கத்தில் உதிரிப்பாகம் செய்கிற சிறிய பட்டறைக்காரரும் விவசாயியும் தங்கள் சாமான்களை ஏற்ற அங்கே இடம் வேண்டும்.

நம் நாட்டில் புகையிரதம் என்றாலே பயணிகள்தான் நினைவுக்கு வருவார்கள். சாமான்கள் பெரும்பாலும் லொறியில்தான் போகின்றன. இனி யாராவது புதுப் பாதை போடுவோம் என்று வாக்குக் கேட்டு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: சரக்குக்கு என்ன திட்டம்? காசு யார் போடுவது? சின்ன வியாபாரிக்கு இடமுண்டா?